போடத் தெரியாத கை

இந்த ஊர் ஜிம்முக்குள் முதன்முதலாக நுழைந்தபோது எனக்கு வந்த சந்தேகம் இதுதான்: இவர்கள் தூக்குகிற சாமானை எங்கே கொண்டுபோகப் போகிறார்கள்? எங்கேயும் இல்லை. இரும்புத் தண்டின் இரண்டு பக்கமும் வட்டுகளை மாட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கி, தூக்கிய இடத்திலேயே தொப்பென்று போடுகிறார்கள். மறுபடி தூக்குகிறார்கள். எங்கள் தாயில்பட்டிப் பக்கம் ஒரு லோடைத் தூக்கினால் அது குடோனுக்காவது லாரிக்காவது போய்ச் சேர வேண்டும். எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தால், உனக்கு வேறு வேலையில்லையா என்று கேட்பார்கள். இங்கே அதற்குச் சந்தா கட்டி, வேர்வை துடைக்கத் துண்டும் வீட்டிலிருந்து எடுத்து வருகிறார்கள்.

நானாக ஆசைப்பட்டுப் போகவில்லை. அயர்லாந்துக்கு நர்சாக வந்து இத்தனை வருடத்தில் ஜிம் இருக்கும் தெருவைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி கார் பார்க்கில் உறைபனி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. முறிந்தது சேர்ந்துவிட்டது, ஆனால் எலும்புகளே வயதுக்கு மீறி மெலிந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. எடை தூக்கிப் பழகு, ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்த காய்கனிகளைச் சாப்பிடு என்று டாக்டர் சொன்னார். கைக்குப் பலம் வரும்வரை வார்டு கிடையாது. நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க முடியாத நர்சுக்கு வார்டில் என்ன வேலை? ரிசப்ஷனில் டெலிபோன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். நேரில் பேசினாலே இவர்கள் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். எப்படி இருக்கிறீர்கள் என்றால் ‘கிராண்ட்’ என்பார்கள். நம் ஊரில் கிராண்ட் என்றால் கல்யாணம், பட்டுச்சேலை. இங்கே மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவரும் கிராண்ட்தான். கை முறிந்த புதிதில் வலி எப்படி என்று டாக்டர் கேட்டார். பிரமாதமாக வலிக்கிறது என்ற அர்த்தத்தில் நானும் ‘கிராண்ட்’ என்றேன். அவர் சந்தோஷப்பட்டு மாத்திரையைக் குறைத்துவிட்டார்.

வீட்டில் என் கணவர் செல்வம் அதைவிட மோசம். வாட்ஸப்பில் வந்ததையெல்லாம் படித்துவிட்டு, நர்சான எனக்கே பாடம் எடுக்கிறார். காலையில் ப்ளூபெர்ரி, மதியம் பீட்ரூட், சாயங்காலம் மஞ்சள் பால். ப்ளூபெர்ரி என்பது களாப்பழத்தின் புளிப்பும் இல்லாமல் நாவல்பழத்தின் துவர்ப்பும் இல்லாமல் பேருக்கு ஒரு பழம். அதைக் கருப்பட்டிப் பாகு மாதிரி மதிப்பாகக் கிண்ணத்தில் போட்டு நீட்டுவார். சாப்பிடவில்லையென்றால் முகம் தொங்கிவிடும். சாப்பிட்டால், கை இப்போது எப்படி இருக்கிறது என்று உடனே கேட்பார்.

என் அக்கா மாரியிடம் இதைச் சொல்லி ஒரு நாள் அழுதேன். அக்கா இன்னும் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறாள். ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்னவென்று கேட்டாள். உடம்புக்குள் ஆக்ஸிஜன் சில இடங்களில் மெதுவாக எரிக்கிற வேலையைப் பார்க்கும், இரும்பில் துரு ஏறுவது போல. அதைத் தடுக்கிற சத்து என்று விளக்கினேன். புரிய வேண்டுமே என்று, நீ கலக்குகிற வெடியுப்பும் ஆக்ஸிஜனைக் கொடுத்துத்தான் மருந்தை எரியவைக்கிறது என்றும் சொல்லித் தொலைத்தேன். எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான்; ஆஸ்பத்திரி மருந்து அப்புறம்தான். நர்சிங் சேர்ந்த முதல் நாள், மருந்து அறைக்குப் போ என்றார்கள் என்று, உரசினால் பொறி பறக்கும் என்ற பயத்தில் வாசலில் செருப்பையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டுப் போனவள் நான்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். “அப்பம் வெடியுப்புக்கு எதிரா உள்ளதத் தின்னச் சொல்றாகளா? ஏ புள்ள, அம்புட்டயும் தின்னு நமத்துப் போயிராதடி” என்றாள். ஈரம் பட்டு வெடிக்காமல் போன வெடியைத்தான் நமத்துப் போனது என்போம். அன்றிலிருந்து ப்ளூபெர்ரியைப் பார்த்தாலே எரிச்சலோடு சிரிப்பும் வருகிறது.

ஆஸ்பத்திரி ஏற்பாட்டில் ஜிம்மில் எனக்கு வாய்த்த பயிற்சியாளன் கோனர். நல்ல பையன், அதுதான் கஷ்டமே, திட்டவும் முடியாது. கை தேறிவிட்டது என்று அவன் ஆஸ்பத்திரிக்குச் சொன்னால்தான் எனக்கு வார்டு. முதல் நாளே பின்னால் யாரோ தண்டைப் போட்டார்கள். படார் என்ற சத்தம். அடுத்து எனக்குத் தெரிந்தது, எடை தூக்கக் கழற்றிய ஷூகூட இல்லாமல் வாசலுக்கு வெளியே நிற்கிறேன். பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த ஒரு கிழவியையும் கையோடு இழுத்து வந்திருக்கிறேன். அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே ‘கிராண்ட்’ என்றார்.

போகப் போகத் தூக்க வந்துவிட்டது. போடத்தான் வரவில்லை. பாதியில் மணிக்கட்டு தளர்ந்தால் பிடித்துக்கொண்டிருக்காதே, விட்டுவிடு, இல்லாவிட்டால் மறுபடி முறியும் என்று கோனர் படித்துப் படித்துச் சொன்னான். ‘ட்ராப் இட், ட்ராப் இட்’ என்று கத்துவான். என் விரல்கள் அப்போதுதான் இன்னும் இறுகும். பல்லைக் கடித்து, முதுகு கோணி, சத்தமில்லாமல் தரையில் வைப்பேன். ராத்திரி முழுக்கக் கை விண்விண்ணென்று தெறிக்கும். விடத் தெரியாதவளை வார்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று அவன் ஒரே பிடியாக நின்றான். நோயாளியையும் இப்படித்தான் போடச் சொல்வாயா என்று கேட்டேன். அவர்களை வேண்டாம், தண்டை மட்டும் போடு என்றான்.

ப்ளஸ் டூ முடித்து நர்சிங்கில் இடம் கிடைக்கும்வரை ஒரு சீசன் முழுக்க அக்காவோடு கம்பெனிக்குப் போனேன். மருந்து அடைத்த குழாய்களைத் தட்டோடு தூக்கிப்போய் வெயிலில் காயவைக்கிற வேலை. நம் பாஷையில் எதற்கெடுத்தாலும் போடுதான்: சோறு போடு, சட்டை போடு, கோலம் போடு, சண்டை போடு. மருந்து அடைக்கிற ஷெட்டுக்குள் மட்டும் அந்தச் சொல் கிடையாது. தெரியாமல், தட்டை எங்கே போடட்டும் என்று கேட்டுவிட்டேன். எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. “போடுன்னு இங்கன சொல்லப்படாது. வைன்னு சொல்லு” என்றாள் அக்கா. அதற்கப்புறம் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடு, வெளியே போனால் உடனே உள்ளே வராதே, ஒன்று வெடித்தால் அடுத்ததும் வெடிக்கும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். அதை ஒருமுறைதான் செய்ய வேண்டியிருந்தது. அன்று பக்கத்து ஷெட்டிலிருந்து சிலர் வெளியே வரவே இல்லை.

இதை கோனரிடம் சொல்லிப் பார்த்தேன். என் ஊரில் கீழே போட்டால் வெடிக்கும் என்றேன். அவன் குரலைத் தாழ்த்தி, போரா என்று கேட்டான். இல்லை, பட்டாசு என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. ‘லவ்லி’ என்று சொல்லி, புத்தாண்டுக்கு விட்ட வாணங்களை போனில் காட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ஊர் இவர்களுக்கு ஒன்று போர்க்களமாக இருக்க வேண்டும், அல்லது திருவிழாவாக இருக்க வேண்டும். தூக்குவாளியோடு ஆட்கள் வேலைக்குப் போய்த் திரும்புகிற இடமாக மட்டும் இருக்கக் கூடாது.

போன வாரம், கோனர் என்னைக் கடைசியாகச் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்ன நாள். தண்டை இடுப்புவரை தூக்கிவிட்டேன். மணிக்கட்டு தளர்ந்தது. அவன் இந்த முறை கத்தவில்லை, பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு வார்டு வேண்டும். டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்து நமத்துப் போக முடியாது. கண்ணை மூடிக்கொண்டு விரல்களைப் பிரித்தேன்.

தரை அதிர்ந்தது. நான் அதற்குள் கார் பார்க்கில் இருந்தேன், காலுறையோடு, தூறலில். நீ தேறிவிட்டாய் என்று பின்னாலிருந்து கோனர் கத்துவது கேட்டது. என் கை ஒருவழியாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. கால் இன்னும் தாயில்பட்டியை விட்டுக் கிளம்பவே இல்லை.

ஊரில் சாயங்காலம், அக்கா வேனில் திரும்புகிற நேரம். போன் செய்தேன்.

“போட்டுட்டேன்க்கா.”

“கீளயா?”

“ஆமா. படார்னு சத்தம்.”

வேனின் இரைச்சலுக்கு மேல் அக்கா குரலை உயர்த்தினாள். “ஒனக்கு ஒண்ணும் ஆகலையே? வெளிய வந்துட்டேல்ல?”

“வந்துட்டேன்.”

“அப்பஞ் சரி. அங்கனயே நில்லு. ஒடனே உள்ள போகாத.”

கோனர் என் ஷூக்களைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, உள்ளே வா, நனைகிறாய் என்று கூப்பிட்டான். அவனுக்குக் கையசைத்துவிட்டு, அக்கா சொன்னபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.