மெர்வின் என்ற ஃபோல்டர்

கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தபீதாளுக்கு, கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்வதுதான் சோறு போடும் வேலை. பூ பார்டர், சிலுவை, பிள்ளையார், எழுத்து வகை எல்லாம் வருஷக்கணக்கில் அவளே சேர்த்து வைத்தவை. கூலிக்கு ஆள் வைத்ததில்லை. கடையில் அவளும் அந்தக் கம்ப்யூட்டரும் மட்டும்தான்.

கம்ப்யூட்டரை வாங்கியது அவள் புருஷன் மெர்வின். முதல் நாள் அது பெயர் கேட்டபோது தன் பெயரை அடித்தான். அதில் அவன் செய்த வேலை அவ்வளவுதான். அப்புறம் பெரும்பாக்கத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டு போய்விட்டான். கம்ப்யூட்டர் மட்டும் தினமும் காலையில் அவன் பெயரோடுதான் கண் விழித்தது.

பக்கத்துப் பியூட்டி பார்லர் ஜோசலினுக்கு இது பொறுக்கவில்லை.

"இன்னாக்கா, ஆளு போயி இத்தினி வருசமாச்சு. இன்னும் அவன் பேர்லயே முழிச்சிகினு கீற?"

"கட ஓடினா போதும்டி. பேர்ல இன்னா கீது?"

"கீது. நவுரு."

ஜோசலின் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பெயரை மாற்றினாள். மறுநாள் திரையில் 'Thabithal' என்று வந்ததும், தபீதாள் அதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் திணறியது. இடம் நிரம்பிவிட்டதாகச் சிவப்புக் கோடு காட்டியது. எதைக் கழிக்கலாம் என்று இருவரும் உள்ளே போய்த் தேடினார்கள். ஒரு மூலையில் 'mervin' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது.

"பாருக்கா! வெளிய தொரத்தினா உள்ள பூந்து படுத்துகினு கீறான். தூக்கு!"

நிரந்தரமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. தபீதாளுக்கு அந்தக் கேள்வியே இனித்தது. அழுத்தினாள்.

பச்சைக் கோடு ஓடியது. கொஞ்ச நேரத்தில் திரையில் இருந்த ஒரு படம் காணாமல் போனது. இன்னொன்று. அப்புறம் வரிசையாக. வாடிக்கையாளர்கள் பெயரில் வைத்திருந்த ஃபைல்கள் அவள் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாக மறைந்தன. ஆட்டோ ஓட்டும் சின்னப்பன் மகள் சினேகாவின் பத்திரிகையும் போனது. அது அன்றைக்கு அச்சுக்குப் போக வேண்டியது.

"ஐயோ இயேசப்பா, நிறுத்துடி!"

நிறுத்துவதற்குள் திரை வெறுமையாகிவிட்டது.

அஸ்தினாபுரத்திலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் நிகில் வந்து பார்த்தான்.

"அக்கா, பேரை மாத்தினா திரையில மட்டும்தான் மாறும். முதல்ல என்ன பேர் கொடுத்தாங்களோ, ஃபோல்டர் அந்தப் பேர்லயேதான் இருக்கும். நீங்க செஞ்ச வேலை மொத்தமும் அதுக்குள்ளதான் இருந்துச்சு."

"அது அவன்துன்னு நெனச்சேம்பா."

"அவரோடது எதுவுமே இல்லக்கா. எல்லாம் உங்களோடது."

"திருப்பி எடுத்துடலாம்ல?"

நிகில் தலையாட்டினான். இல்லை என்ற பக்கமாக. வேறு காப்பி எங்கேயாவது உண்டா என்று கேட்டான். அவளிடம் இல்லை.

கம்ப்யூட்டரில் அவளுக்குப் புதுக் கணக்குத் திறந்தான். "இங்கிலீஷ்ல, சின்ன எழுத்துல, நடுவுல இடம் விடாம அடிங்க. இது கடைசி வரைக்கும் நிக்கும்." ஒரு விரலால் thabithal என்று அடித்தாள்.

அப்போதுதான் சின்னப்பன் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னாம்மா, பத்திரிக அனுப்பிட்டியா? பிரஸ்காரன் பேஜார் பண்றான்."

"அண்ணா... எல்லாம் அழிஞ்சிபோச்சுண்ணா."

"எது அழிஞ்சிச்சு? நீதான போன வாரம் சரிபாருன்னு போன்ல அனுப்புன? இதோ கீது."

சின்னப்பன் போனை நீட்டினார். நிகில் அதை வாங்கிக் கம்ப்யூட்டரில் திறந்தான். பத்திரிகை அப்படியே இருந்தது, ஓரத்து மல்லிகைப்பூ வரை. யார் செய்தது என்று ஃபைலின் விவரத்தைத் தட்டினான். அங்கே கம்ப்யூட்டர் தானாகக் குறித்து வைத்த ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: mervin.

"இதையும் அவனா செஞ்சான்?" என்றாள் ஜோசலின்.

தபீதாள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, புதுப் பக்கம் திறந்து, மணமகள் பெயரிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள்.

"அதான் கெடச்சிருச்சேம்மா, ஏன் திருப்பி அடிக்கிற?" என்று கேட்டார் சின்னப்பன்.

"ஒரு எடத்துல தப்பு கீதுண்ணா. குந்துங்க, டீ சொல்றேன்."