உப்புப் போடாத கீரை

பி.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருட வாய்மொழித் தேர்வு. புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரி ஆய்வகம். எனக்கு முன்னால் போனவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தாள். பன்னிரண்டாவது வரை தமிழிலேயே படித்தவள் நான். இதில் தேறாவிட்டால் மேற்படிப்பு என்ற பேச்சுக்கே வீட்டில் இடமில்லை.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தலை நிமிராமலே, "ஹாலோஃபைட்?" என்றார்.

உப்பு நிலத்தில் வளரும் தாவரம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். 'ஹாலோ' என்ற முன்னொட்டு, 'ஹால்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, உப்பு என்று பொருள், பழைய கிரேக்கத்தில் கடலையும் அதே சொல்லால் குறித்தார்கள் என்றேன். மனப்பாடம்தான், பிசகாமல் வந்துவிட்டது.

"உதாரணம்?"

"உமரிக்கீரை சார்."

"உப்பு செடிக்குள்ள இருக்கா, கடல் காத்துல எலை மேல படிஞ்சதா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

புத்தகத்தில் இது இல்லை. பின்னால் விடுதித் தோழிகள் உட்கார்ந்திருந்தார்கள். உமரி எங்கள் ஊர் மணமேல்குடிப் பக்கம் கடற்கரைச் சேற்றில் காசில்லாமல் சும்மா பறித்து வருவது. கேலி செய்வார்களே என்று, அதைத் தின்று வளர்ந்ததை மூன்று வருடமாக மூச்சு விட்டதில்லை. இப்போது வாயை மூடினால் படிப்பு போகும்.

"தமிழ்ல சொல்லட்டுங்களா சார்?"

தலையாட்டினார்.

"எங்க வீட்டுல அடிக்கடி இதாங்க சார் ஆக்குவோம். மூணு தண்ணி அலசி, வேக வெச்சு, அந்தத் தண்ணியவும் வடிச்சிருவோம். அப்பவும் உப்புப் போடமாட்டோம். எங்க அண்ணி கறம்பக்குடிக்காரங்க, கடல் இல்லாத ஊரு. கல்யாணமாகி வந்த புதுசுல, மத்த கீரைக்குப் போடுற மாதிரி இதுக்கும் உப்பப் போட்டுட்டாங்க. வாயில வைக்க முடியல சார். மேல படிஞ்ச உப்புன்னா அலசும்போதே போயிருக்கணும்ல?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பருப்புப் போட்டுக் கடைவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே என் கண்ணெதிரில் முழு மதிப்பெண் போட்டார்.

தலைக்கனம் என்றாலும் சரி, அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. உப்புக்கும் கடலுக்கும் ஒரே பெயர் வைத்த கிரேக்கர் எவரோ, அவர் நிச்சயம் எங்களைப் போலக் கரையில் பிழைத்தவர்தான்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"இதுக்கா பாஸ் போட்டாங்க? இத நானே வந்து சொல்லியிருப்பேனே!"

"நீ சொன்னதைத்தாம்மா சொல்லிட்டு வாரேன்" என்றேன்.