அமாவாசைக்குக் கழற்றி வைத்த விளக்கு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நாலாவது வரைதான் படித்தேன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் தெரியாது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நானும் அக்காவும் மாதேஸ்வரன் மலைக்குக் கீழே இருக்கும் ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். அக்காவின் வீட்டுக்காரர் இறந்த பிறகு, ஊருக்கு வெளியே ஒருவருடைய நிலத்தை அக்கா வாரத்துக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டாள். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. சுற்றிலும் எல்லாம் வீட்டுமனையாகிவிட்டிருந்தது.

“இந்த வெள்ளாமை நல்லா வந்தா அடுத்த வருசமும் நீயே பண்ணும்மா. இல்லேன்னா லேஅவுட்காரங்களுக்குக் குடுத்துடுவேன்” என்று அவர் சொல்லியிருந்தார். அவர் பேசியது கன்னடம். எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன். நிலம் போனால் அக்காவுக்குக் கட்டட வேலைதான். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு, சிமென்ட் தூசி ஆகாது.

அந்த வருடம் விவசாய ஆபீஸ் மேடம், எங்களைப் போல ஹனூரிலிருந்து வந்து பயிர் செய்கிறவர்களுக்கு ஆளுக்கொரு விளக்குப் பொறி கொடுத்தார். வெயிலில் சார்ஜ் ஏறும் விளக்கு, அதன் கீழே சோப்புத் தண்ணீர்த் தட்டு. இருட்டில் விளக்கைத் தேடி வரும் அந்துப்பூச்சிகள் தட்டில் விழும். காலையில் படைப்புழுவின் தாய்ப்பூச்சியை மட்டும் பொறுக்கி எண்ணி வாட்ஸ்அப் குழுவில் சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்து, புழு எப்போது இறங்கும், மருந்து எப்போது அடிக்கலாம் என்று ஆபீஸிலிருந்து செய்தி வரும். கூலி கிடையாது.

எண்ணுவது நான். குழுவில் பேச எனக்கு நாக்கு எழாது. அக்காதான் பேசுவாள்.

“பூச்சிகிட்ட இல்லாத கூச்சம் மனுசங்ககிட்ட எதுக்குடா உனக்கு?” என்பாள்.

ஆடி அமாவாசைக்கு எங்கள் ஆட்கள் யாரும் மாதேஸ்வரன் மலைக்குப் போகாமல் இருக்கமாட்டார்கள். எல்லோரும் ஒரே பஸ்ஸில் கிளம்பினோம். ஆளில்லாத நிலத்தில் விட்டால் திருடிவிடுவார்கள் என்று விளக்குகளைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். மலையில் இருக்கும்போது குழுவில் மேடத்தின் குரல் வந்தது: எண்ணிக்கை என்ன? அக்கா போனை வாய்க்கு அருகே பிடித்துக்கொண்டு, “ஒண்ணுகூட விழலீங்க மேடம்” என்றாள். அவள் சொன்னதைக் கேட்டு மற்றவர்களும் அதையே சொன்னார்கள். யாரும் பொய் சொன்னதாக நினைக்கவில்லை.

ஊர் திரும்பிய அன்று செய்தி வந்தது. பூச்சி நடமாட்டம் இல்லை, இப்போதைக்கு மருந்து வேண்டாம்.

“மாதப்பா கண்ணத் தொறந்துட்டாருடா” என்று அக்கா மலைச்சாமியை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம் கிடந்தது. விரித்துப் பார்த்தால் புழு. ஒன்றிரண்டு செடியில் இல்லை, வரிசை வரிசையாக. அடித்த மருந்து குருத்துக்குள் இறங்கவில்லை. மேடம் வந்து பார்த்தார்.

“அமாவாசையன்னைக்கு விளக்கு எரிஞ்சுதாம்மா?”

“இல்லீங்களே, கழட்டி வெச்சிட்டுத்தான போனோம்.”

“அப்புறம் ஒண்ணும் விழலைன்னு ஏன் சொன்னீங்க?”

“விழலீங்களே மேடம்.”

மேடம் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “நிலா இல்லாத ராத்திரியிலதாம்மா பூச்சி விளக்குக்கு நெறைய வரும். நீங்க அத்தன பேரும் மலைக்குப் போயிடுவீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார்.

அறுவடையன்று நிலக்காரர் ஒரு கதிரை உரித்தார். பாதிக்கு மேல் பல் விழுந்த வாய் போல இருந்தது. கீழே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். கார்த்திகையில் மனைக்கல் நட்டார்கள்.

அதே இடத்தில்தான் இப்போது வீடு எழும்புகிறது. அக்கா அங்கே சட்டி தூக்குகிறாள். இன்றைக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் மலைக்குப் போயிருக்கிறார்கள். மேஸ்திரி அவளுக்கு லீவு தரவில்லை. சாயங்காலம் இருமிக்கொண்டே வந்து படுத்தாள். கரண்ட் இல்லை. மேடம் திருப்பிக் கேட்காத அந்த விளக்கைப் போட்டுத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் வழியாகப் பூச்சி வருகிறது.

“எண்ணாதடா, அணைச்சுட்டுப் படு” என்கிறாள் அக்கா.

2025 ஜனவரி 29, தை அமாவாசை.