பதினான்கு முறை மெலிந்த எழுத்து

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் நூலிழை. அச்சுக்கு எழுத்துரு வரைவது தொழில். ஓர் எழுத்து நூலிழை அளவு சாய்ந்திருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. கடைப் பலகைகளை முறைத்துக்கொண்டே நடந்து இரண்டு தடவை விளக்குக் கம்பத்தில் முட்டியவள்.

அவளிடம் ஒரு ஃபேஷன் பத்திரிகை வந்து சேர்ந்தது. தலைப்பிலிருந்து பொடி எழுத்துவரை தங்களுக்கென்றே ஓர் எழுத்துருக் குடும்பம் வேண்டுமாம். கோட்டின் நுனியில் குட்டிப் பாதம் வைத்த செரிஃப் எழுத்துகள்.

"மாடல் நடந்து வர்ற மாதிரி இருக்கணும்," என்றார் ஆசிரியை. "ஒல்லியா, உயரமா."

மூன்று மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரைந்தாள். ஆசிரியை பார்த்தார். "அழகு. இன்னும் கொஞ்சம் மெலிசா?" மெலிய வைத்தாள். "இன்னும் துளி?" பதினான்காம் முறை, சிலந்தி பார்த்தால் பொறாமைப்படும். ஆசிரியை கைதட்டினார்.

மறுநாள் அச்சக ஃபோர்மேன் கூப்பிட்டு மாதிரித் தாளை நீட்டினார். குறுக்கே போன மெல்லிய கோடு ஒன்றையும் காணோம். குட்டிப் பாதங்கள் போன இடம் தெரியவில்லை. 'ஹீல்' என்ற ஆங்கிலத் தலைப்பில் எச் இரண்டு குச்சியாகவும், இரண்டு ஈயும் எல்லும் ஆளுக்கொரு குச்சியாகவும் நின்றன.

"வேலி போடறதைப் பத்தின கட்டுரையாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார் ஃபோர்மேன்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். குழாய் ரிப்பேர்க்காரனான அவன், ஸ்பேனர்களைத் துடைத்தபடி கேட்டான்.

"இது நிக்காதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அஞ்சாவது தடவையே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கோவிச்சுக்குவாங்க."

"இப்ப மட்டும் கொஞ்சுவாங்களா?"

மறுநாளே திரும்ப வரையத் தொடங்கினாள். ஒரு வாரம் உட்கார்ந்தாள். மெல்லிய கோடுகளுக்குச் சதை போட்டாள், எழுத்துகளின் அகலத்தைக் குறைத்தாள், இடைவெளியை இறுக்கினாள். பொடி எழுத்துக்குத் தனியாக ஒரு கட்டுமஸ்தான வடிவம் வரைந்தாள். அச்சடித்த தாளோடும், மனப்பாடம் செய்த மன்னிப்போடும் ஆசிரியை முன் போய் நின்றாள்.

வாயைத் திறப்பதற்குள், "அப்பாடா! இப்பத்தான் சரியா மெலிஞ்சிருக்கு!" என்றார் ஆசிரியை.

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். நூலிழைக்கு மனசு கேட்கவில்லை.

"இல்லைங்க. குண்டாக்கியிருக்கேன். இடுப்பை மட்டும் பிடிச்சு விட்டிருக்கேன்."

ஆசிரியை தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை மனுஷங்களுக்கும் செய்ய முடியுமா?"

இதழ் வந்த அன்று பேருந்தில் எதிர் இருக்கைப் பெண் அதைப் படித்துக்கொண்டு வந்தாள். எங்கும் கண் தடுக்காமல் பக்கம் பக்கமாகப் போனாள். அந்தக் கண்களையே பார்த்திருந்த நூலிழை இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டாள், அடுத்ததையும் விட்டாள். மூன்றாவது நிறுத்தத்தில், அந்தப் பெண் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு வேறு இருக்கைக்கு மாறிவிட்டாள்.