உள்ளே எடுத்த படம்

பாரிஸில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போனவள், கதவுகளைப் படம் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். வேறு என்ன செய்வது? அவனுக்குப் பேக்கரியில் இரவு வேலை, பகலில் நித்திரை. நான் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, பகலில் தனியே நடந்தேன். சிங்கத்தின் வாயில் தொங்கும் இரும்பு வளையம், பால்கனிக் கம்பியில் பின்னிய கொடி, யன்னலுக்கு மேல் கல்லில் செதுக்கிய முகம். பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு நாள் பஸ்ஸில் போனபோதும் இதே பைத்தியம்தான்.

தம்பியின் அறையை ஒரே ஒரு முறை கண்டேன். ஒரு கட்டிலில் இரண்டு பேர் முறை வைத்துப் படுக்கிறார்கள்.

"அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ, அக்கா," என்றான்.

அம்மாவிடம் அவன் சொல்லி வைத்திருந்தது சொந்த ஃபிளாட், முன்னால் பால்கனி. அந்தப் பால்கனியை வைத்துத்தான் அம்மா கொட்டாஞ்சேனையில் அவனுக்குப் பெண் பேசியிருந்தார்.

நாங்கள் போனபோது பெண் வீட்டில் வடையும் தேத்தண்ணியும் வந்தன. பாரிஸ் படங்களைப் பார்க்க என் போன் கைமாறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் பால்கனி எது என்று பெண்ணின் தாய் கேட்டார். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் ஒன்றில் விரலை வைத்தார். அது பிரஸ்ஸல்ஸில் எடுத்த படம். நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

பெண் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இங்கே நல்ல வேலையில் இருக்கிறவள், அதை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"அக்கா, எல்லாம் வெளியில நிண்டு எடுத்த படம். உள்ளுக்க எடுத்தது ஒண்டும் இல்லையோ?"

"அங்க உள்ளுக்க எடுக்க விடமாட்டினம், பிள்ளை," என்று அம்மா முந்திக்கொண்டார்.

அம்மாவுக்கும் ஏதோ தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்களே, தாயும் மகனும். கோபம் தலைக்கேறியது.

"உள்ளுக்க எடுக்க ஒண்டும் இல்லை, தங்கச்சி. அவனுக்கு வீடில்லை. ஒரு கட்டில்ல பாதி நாள் படுக்கிறான்," என்றேன்.

பெண் போனைத் திருப்பித் தந்தாள். நாங்கள் எழும்பியபோது யாரும் மறிக்கவில்லை.

ஓட்டோ காலி வீதிக்கு வந்தது. அம்மாவிடமிருந்து நல்ல ஏச்சு விழும் என்று காத்திருந்தேன்.

"மற்றப் பாதி ஆர் படுக்கிறது?" என்று கேட்டார்.

"இன்னொரு பெடியன். அவன் ராவில, தம்பி பகல்ல."

அம்மா மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தார்.

"அப்ப, நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் விளக்கு வைச்சிட்டு கோல் எடுக்கிறது, அவன்ர நித்திரையிலயோ?"

"ஓம், அப்ப அங்க மத்தியானம்," என்றேன்.