அலகு ஏறாத ஆடி வெள்ளி

என் இடது கன்னத்துக்குள் புண் வந்தபோது அதை நான் யாரிடமும் காட்டவில்லை. எனக்குக் கூச்ச சுபாவம். ஆம்பிளைகள் எதிரில் வாய்விட்டுச் சிரித்ததுகூட இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தி.நகரில் வீட்டு வேலை. பசி தெரியாமல் இருக்க வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்வேன். எங்கள் அடையாற்றங்கரைக் குடியிருப்பில் என் வயதுப் பெண்கள் பலருக்கும் அந்தப் பழக்கம்தான்.

புண் ஆறவில்லை. லீவு போட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்று பயம். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எங்கள் தெரு அம்மனிடம் போனேன். "தாயே, இதை ஆற்று. ஆடியில் நாக்கில் அலகு போட்டுக்கொள்கிறேன்" என்று வேண்டினேன். தினமும் திருநீறு எடுத்துப் புண்ணில் தடவினேன்.

மாசி போனது, சித்திரை போனது. வாய் இறுகிக்கொண்டே வந்தது. கஞ்சிதான் இறங்கும்.

மருமகள் செல்வி, "இன்னா அத்த, என் சமையல் புடிக்கலியா? மூஞ்சத் தூக்கி வச்சிகினு கஞ்சியே குடிக்கிற" என்றாள். விரதம் என்று சொல்லிவிட்டேன்.

ஆடி பிறந்ததும் கையில் காப்புக் கட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஈரப் புடவையோடு வரிசையில் நின்றேன். பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. பூசாரி அலகை எடுத்து வந்து, "நாக்க நீட்டு தாயி" என்றார். முயன்றேன். ஒரு விரல் நுழையும் அளவுகூட வாய் திறக்கவில்லை.

"விரதத்துல எதையோ துன்னுட்டா போல. ஆத்தா வாயக் கட்டிட்டா" என்று பின்னால் ஒருத்தி சிரித்தாள்.

அம்மன் என்னை ஒதுக்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

பூசாரி என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். துர்நாற்றம் அவருக்கு அடித்திருக்கும். அலகைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த வாயில நான் ஏத்த மாட்டேன்."

"சாமி, வேண்டுதல்..."

"ஆத்தா வேணான்னுட்டாம்மே! ஆஸ்பத்திரிக்குப் போ. காப்ப அவுக்காத. வைத்தியம் முடிச்சிட்டு வந்து இங்க அவுத்துக்கோ. அதான் இனிமே உன் வேண்டுதல்."

கூட வந்திருந்த செல்வி அங்கேயே அழுதாள். "என்கிட்ட சொன்னா இன்னா அத்த? நான் இன்னா பேயா?"

அரசாங்க ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய், முற்றிவிட்டது. "ஏம்மா இவ்ளோ லேட்டா வந்தீங்க?" என்றார்.

நெஞ்சுக்குப் பரவியிருந்தால் ஆபரேஷன் செய்து பயனில்லை என்றார்கள். ஸ்கேன் முடிவு வரும்வரை சோறு தண்ணி இல்லை. காப்பைப் பிடித்துக்கொண்டு, "தாயே, அலகை நிறுத்தியவள் நீ. இதையும் நிறுத்து" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனில் நோய் கழுத்தோடு நின்றிருந்தது.

கன்னத்தையும் தாடையில் பாதியையும் எடுத்தார்கள். பிறகு கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சு வைத்தியத்தை அப்படித்தான் சொல்வோம். உயிரோடு இருக்கிறேன். இந்த ஆடியில் சன்னிதியில் காப்பை அவிழ்த்தேன். புகையிலையைத் தொடுவதில்லை. பேச்சு குழறுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். முகம் கோணல்தான். ஆனாலும் முந்தானையால் மூடுவதில்லை. கேட்கிற பெண்களுக்குக் காட்டுகிறேன்.

அக்கா தங்கைகளே, வாயில் ஆறாத புண் இருந்தால் அம்மனை வேண்டிக்கொண்டே டாக்டரிடம் போங்கள். கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் உடையாதீர்கள். எனக்கு அவள் மறுத்ததுதான் வரம்.