பட்டியலில் ஒற்றை எழுத்தாக நின்ற அண்ணன்

அண்ணன் இறந்த மறுநாள் காலையில் லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சீனி கொடுத்தவன் நான். இந்த முதலாண்டு நினைவு மலரில் அதை மறைத்துவிட்டு அண்ணனின் பெருமையை மட்டும் எழுதினால், சீனி வாங்கித் தின்ற நீங்களே சிரிப்பீர்கள்.

அண்ணன் சாந்தன்பாறைக்கு மேலே ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவர். செடிக்கு மருந்தடித்தே அப்பாவுக்கு நெஞ்சு கெட்டுப்போனதால், பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டார். காய் உலர்த்தும் ஸ்டோரில் புகைக்குள் நின்று என்னைப் படிக்க வைத்தார். நான் படித்த லட்சணம் ஊருக்குத் தெரியும். பிறகு வளைகுடாவில் ஏசி மெக்கானிக். லீவுக்கு வந்தால் லயத்து மிக்சி எல்லாம் அவர் மடியில்தான் கிடக்கும். யாரையும் கடிந்து பேசமாட்டார். என்னை மட்டும், "ஒன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்ல" என்பார்.

மகளின் சடங்குக்காக அவர் ஏறி வந்த விமானத்தில் யாரோ பெட்டிக்குள் குண்டு வைத்திருந்தார்கள். கடலுக்கு மேலேயே வெடித்துவிட்டது. டிவியைப் பார்த்த அண்ணி சுவரோடு சரிந்தார். பயணிகள் பட்டியல் என் போனுக்கு வந்தது. மூன்று முறை விரலை ஓட்டினேன். அண்ணன் பெயர் இல்லை. அப்பாவின் பெயர்தான் இருந்தது. அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறதே! அதே பெயருள்ள யாரோ பெரியவர், பாவம் என்று உச்சுக்கொட்டினேன்.

"அண்ணி, ஏந்திரிங்க! அண்ணன் பிளைட்ட விட்டுட்டாக!"

"நெசமாவா தம்பி? போன எடுக்க மாட்டேங்காகளே?"

"சார்ஜ் தீந்துருக்கும். நான் சொல்லுதேன்ல!"

நமக்கெல்லாம் அப்பா பெயர் ஓர் இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அதை விரித்துக் குடும்பப் பெயராக்க வேண்டும். குடும்பப் பெயரை மட்டும் விரித்துப் போடும் அந்தப் பட்டியலில் அப்பா முழுதாக நிற்க, அண்ணன் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருந்தார். அந்த பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான்.

அண்ணன் பிழைத்த சந்தோஷத்தில் நான் சீனி கொடுத்த மறுநாள் ஓர் அதிகாரி போனில் கூப்பிட்டார். "இனிஷியல் கண்டில்லே? அது நிங்ஙள்டெ சேட்டன் தன்னெ." அந்த ஓரெழுத்துதான் அண்ணன் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டார்.

குண்டு வைத்த கூட்டம் தன் பெயரை மட்டும் எழுத்துக் குறையாமல் உலகுக்கு அறிவித்தது. அடையாளம் காண என் வாய்க்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எச்சில் எடுத்தார்கள். நான் பிறந்ததிலிருந்து இந்த வாய் அண்ணனுக்குச் செய்த ஒரே உபகாரம் அது. சீல் வைத்த சின்னப் பெட்டி ஒன்று வந்தது. குண்டு இருந்த பெட்டியை எவனும் திறந்து பார்க்கவில்லை. அண்ணன் இருந்த பெட்டியை எங்களைத் திறக்க விடவில்லை. விசாரணை இன்னும் நடக்கிறதாம்.

கொச்சிக்கும் ஊருக்கும் ஜீப் ஓட்டிய லயத்து டிரைவருக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட லயத்துப் பெண்களுக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. சீனியைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தைகூடக் கேட்காத எல்லாருக்கும்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், பொய் நம்பிக்கை கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டு அண்ணி காலில் விழப்போனேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"அவுக கடல்ல கெடந்த ரெண்டு நாளும் நான் தல சீவி, பூ வச்சு, வயிறாரச் சோறு தின்னேன் தம்பி. ஒங்க மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கல."